டாய்ல் அத்தானும் மெதுவாக எழுதும் தட்டும்

ஷேடி ஃபோர்க் சர்ச்சில் பாட்டு நாள் வந்தால் கேட்பதற்கென்று யாரும் வருவதில்லை. வந்தவர் எல்லாரும் பாடியாக வேண்டும். நாலு பக்கமும் பெஞ்சு போட்டு, நாலு வகைக் குரல்காரர்களும் எதிரெதிராக உட்கார்ந்து, நடுவில் நிற்பவர் கையை வீச வீசத் தொண்டை கிழியப் பாடுவோம். அலபாமாவில் எங்கள் மலைப்பக்கத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் என் அக்கா ஆர்வெல்லா, பாடவே வராத ஒரு மனிதரைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டாள். அவர்தான் டாய்ல் கோஃபீல்ட். வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கும் சுருதி போய்விடும்.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவது அத்தானுக்குப் பிழைப்பு. பாட்டு நாளில் எல்லாரும் பாட, அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அது பொறுக்காமல்தான் பதிவு செய்ய ஆரம்பித்தார். திங்கட்கிழமை பேருந்தை நிறுத்திவிட்டு, படுத்த படுக்கையாய் இருப்பவர்கள் வீட்டுக்கெல்லாம் போவார். காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, பாட்டு முடியும்வரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். காசு வாங்கமாட்டார். பீச் பழம் வைத்துச் சுட்ட பை ஒரு துண்டு கொடுத்தால் வேண்டாமென்று சொல்லமாட்டார்.

பதிவுக்கு அவர் வைத்திருந்தது உள்ளங்கை அளவுப் பாட்டுப் பெட்டி. உள்ளே ஒரு சின்னத் தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், சுழலும். பெட்டியோடு வந்த மென்பொருள் அவருக்குப் பிடிக்கவில்லை. எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாத ஆட்கள் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்த வேறொரு மென்பொருளை அதில் ஏற்றிக்கொண்டார். இதில் ஒரு வழக்கம். கேட்கும் பாட்டை உடனே தட்டில் எழுதாது. முதலில் நினைவில் வாங்கி வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் தட்டை எழுப்பி மொத்தமாக எழுதும். எழுதும்போது சிவப்பு விளக்கு எரியும். அது அணைவதற்குள் பெட்டியை நிறுத்தினால் எழுதாத பாட்டெல்லாம் காற்றோடு போச்சு.

புதிதாக இருந்தபோது நாலு வார்த்தை பேசுவதற்குள் விளக்கு அணைந்துவிடும். பிறகு தட்டுக்கு வயசாகி, எழுத்து ஆமை வேகத்துக்கு வந்தது. அந்த முகம் தெரியாத ஆட்களிடம் இணையத்தில் கேட்டார். மென்பொருளில் கோளாறு இல்லை, தட்டு கிழடாகிவிட்டது, மாற்றிவிடு என்றார்கள். மாற்றியிருப்பார். அந்த வசந்தத்தில்தான் அக்காவுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. அப்புறம் தட்டை யார் நினைத்தார்கள்?

ஜூலை மாதப் பாட்டு நாள் வந்தபோது அக்கா எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருந்தது. அத்தான் போகமாட்டேன் என்றார்.

"இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்து என்ன பண்ணப் போற, டாய்ல்?" என்றாள் அக்கா. "நோயாளிங்களுக்குன்னு வருஷா வருஷம் ஒரு பாட்டு பாடுவோமில்ல, இந்தத் தடவ அதுல என் பேரு இருக்கு. இத்தன வருஷம் அடுத்தவங்களுக்காகப் பாடியாச்சு. எனக்காகப் பாடினா எப்படியிருக்குன்னு நான் கேக்க வேணாமா? போ, கொண்டா."

போனோம். ஆல்ட்டோ பக்கம், அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் உட்காரும் பக்கம், முதல் பெஞ்சில் அக்காவின் இடத்தை யாரும் தொடவில்லை. அந்த வருஷம் இறந்தவர்களையும் நோயாளிகளையும் நினைத்து எங்கள் சர்ச் பெரியவர் ஹார்மன் எழுந்து பேசினார். நல்ல மனிதர், ஆனால் வாயெடுத்தால் நிறுத்தத் தெரியாது. அவர் பேசப் பேச பெட்டியின் நினைவு நிறைந்தது, தட்டு திணறித் திணறி எழுதியது. அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பெயர்களை வாசித்தார்கள். அக்காவின் பெயர் வந்தது. பாடினோம்.

பாடி முடித்ததும் என் ஃபோன் அடித்தது. அக்காவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். "மூச்சு மாறுது. உடனே வந்துடுங்க."

அத்தான் பதிவை நிறுத்தியிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அத்தான், வண்டில ஏறுங்க!"

"எழுதிட்டிருக்கு, வைலீன்."

"எழவு எழுத்து! அங்க அக்கா போயிட்டிருக்கா!"

"பாட்டு இன்னும் தட்டுல எறங்கல. இப்ப பெட்டிய நிறுத்தினா போயிடும்."

"யார் நிறுத்தச் சொன்னா? அப்படியே தூக்கிட்டு வாங்க."

"ஓடற தட்டு. குலுங்கினா கீறிக்கும்."

துண்டை நாலாக மடித்து, அதன்மேல் பெட்டியை வைத்து, பச்சைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஏறினார். நான் ஓட்டினேன். அக்கா வீட்டுக்குப் போகும் வழி சரளைக்கல் பாதை, மழையில் அரித்துப்போனது. "மெல்ல. குழி வருது. மெல்ல," என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்திருப்பேன்.

"ஒரு பாட்டுக்காக அக்கா மொகத்தக் கடைசியா பாக்காமப் போகப் போறோம். சந்தோஷமா?" என்று கத்தினேன்.

"இதுக்குத்தான அவ என்னை அனுப்பினா," என்றார். அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. "வெறுங்கையோட போய் நின்னா அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

வேகத்தை இன்னும் குறைத்தேன்.

அக்காவுக்கு உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து, "கொண்டாந்தியா?" என்றாள்.

"கொண்டாந்துட்டேன். எழுதிட்டிருக்கு."

"இன்னுமா?"

"கெழட்டுத் தட்டு, ஆர்வி."

"ஒனக்கு ஏத்த ஜோடிதான்," என்றாள்.

பெட்டியை அவள் கைக்கருகே போர்வைமேல் வைத்தார். உள்ளே தட்டு சுழலும் அதிர்வை அக்கா விரலால் தொட்டுக்கொண்டே கிடந்தாள். அவளுடைய மூச்சு நின்று நின்று வந்தது. ஒவ்வொரு முறை நின்றபோதும் நாங்கள் இருவரும் விளக்கைப் பார்த்தோம். எனக்கு ஜெபம்கூட வரவில்லை. அணைந்து தொலை, அணைந்து தொலை என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அணைந்தது.

அத்தான் ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டி, பாட்டைப் போட்டார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா முகம் மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கேட்டாள். "ஆல்ட்டோ இழுக்குது," என்றாள் முகத்தைச் சுளித்து. நர்ஸ் சிரித்துவிட்டாள். பிறகு அக்கா தன் பாகத்தைப் பாட ஆரம்பித்தாள்.

குரல் என்று சொல்ல முடியாது. மூச்சில் ஒட்டிக்கொண்டிருந்த சுருதி, அவ்வளவுதான். ஆனால் ஓரிடத்திலும் பிசகவில்லை. எங்கள் பாட்டில் ஒரு குரலைத் தனியாக யாரும் கேட்பது கிடையாது. தனியாகப் பாடு என்று அத்தான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். ஒத்தை ஆல்ட்டோ ஒரு பாட்டாகுமா என்று விரட்டிவிடுவாள். அவரிடம் இருந்த பதிவுகளிலெல்லாம் அவள் நூறு குரலுக்குள் எங்கோ இருந்தாள், பிரித்தெடுக்க வழியில்லை. இப்போது முதல் தடவையாக, அந்த அறையில், அவள் குரல் மட்டும்.

அத்தானின் கை பெட்டிக்குப் போனதைப் பார்த்தேன். அதற்குள்ளேயே ஒரு சின்ன மைக் உண்டு. ஆனால் அந்தப் பெட்டி ஒன்று பாடும், இல்லை பதியும். இரண்டையும் சேர்த்துச் செய்யாது. என் ஃபோன் அவசரத்தில் வண்டியிலேயே கிடந்தது. பதிய வேண்டுமானால் அவள் காதில் ஓடும் பாட்டை நிறுத்த வேண்டும். கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது.

கையை எடுத்துக்கொண்டார்.

அக்கா கடைசிச் சரணம்வரை பாடினாள். பொழுது சாயும் முன் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, மனசு கேட்காமல் அவரிடம் கேட்டேன். "ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா அவ கொரலாவது நமக்கு இருந்திருக்குமே, அத்தான். ஏன் விட்டீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"அவ பாதிப் பாட்டுல இருந்தா, வைலீன்," என்றார்.