சின்ன மாமாவின் இரண்டாவது பிக்கப்

ஒன்பது வயதில் எங்கள் குடும்பத்தின் சங்கீத ஆலோசகராக நான் நியமிக்கப்பட்டேன். தகுதி என்று என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை கிடையாது. பள்ளியில் கடவுள் வாழ்த்து பாடும்போது வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அந்த விவரத்தை நான் வீட்டில் வெளியிடவில்லை.

நியமித்தவர் சின்ன மாமா, அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், ஷேவிங் மெஷின் ஓட்டினார். பதனிட்ட தோலைச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவரும் மெஷின் அது. அது அலறும் அலறலில் பக்கத்தில் நிற்பவரோடு ஜாடையில்தான் பேச முடியும். சாயங்காலங்களில் மாமா ஆளே மாறிவிடுவார். கல்யாண வரவேற்புகளில் பாடும் ஓர் இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார். அதற்கு நாலே கம்பி. "மீதி ரெண்டு கம்பிய சேட்டு கடைல வச்சிட்டியாப்பா?" என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. மாமா எல்லோருக்கும் ஒரே மாதிரி சிரித்து வைப்பார்.

அந்தச் சிரிப்பைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவின. தெருவுக்கு மாமா வெகுளி. பெண் கொடுக்க வந்தவர்களுக்கு அவர் திமிர் பிடித்தவர். குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், "மூணு தபா கூப்டேன், திரும்பிப் பாக்கலியே உங்க புள்ள" என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். எங்கள் ஊரில் மெஷின் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். அவர்களோடு பேசிப் பேசி வீட்டிலிருப்பவர்களும் கத்துவார்கள். எல்லோரும் கத்துகிற ஊரில் ஒருவருக்குக் காது மந்தமாகிக்கொண்டே போவதை எவர் கண்டுபிடிப்பது?

குழுத் தலைவர் மட்டும் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். பாட்டு ஓரிடத்தில் இருக்க, மாமாவின் பேஸ் நாலு அடி பின்னால் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கே வந்து சொன்னார்: "வர்ற வெள்ளிக்கிழம ரிசப்ஷன்ல பாக்கறேன். சரியா வரலன்னா கீபோர்டு தம்பி இடது கையாலயே பேஸ் அடிச்சிடறேன்றான். ஒரு ஆள் செலவு கம்மி. அப்புறம் என்னக் கேக்காத." அவருக்கும் வருத்தம்தான். அம்மா கொடுத்த முறுக்கைக்கூடத் தொடவில்லை.

மாமா குற்றத்தை கிட்டாரின் மேல் போட்டார். கம்பிகளுக்கு அடியில், கழுத்துப் பக்கம், காந்தம் வைத்த ஒரு சின்னக் கட்டை உண்டு. கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் அதற்குப் பிக்கப் என்று பெயர். அந்த இடத்தில் சத்தம் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல மொத்தமாக வருமாம். கம்பிகள் போய் முடிகிற பிரிட்ஜ் பக்கம் இன்னொன்றை வைத்தால் எழுத்து எழுத்தாகத் தெளிவாகக் கேட்குமாம். "அத ஜோடி சேத்துட்டா போதும் பாப்பா. அப்புறம் பாரு."

ஞாயிறன்று வேலூருக்கு பஸ் ஏறினோம். ஒரு சந்துக்குள் ரேடியோ, கிட்டார், ஆர்மோனியம் எல்லாவற்றையும் பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். இரண்டு பழைய பிக்கப்புகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "பழசு பக்கத்துல உக்காந்து குடித்தனம் பண்ணணும் தம்பி. சண்டை போடாததா பாத்து எடு."

மாமாவுக்கே நடக்காத பெண் பார்க்கும் படலம் அவருடைய கிட்டாருக்கு நடந்தது. முதலாவதை பாய் தற்காலிகமாக ஒட்டிக் கொடுக்க, மாமா வாசித்தார். இரண்டு சத்தமும் பாலும் டிகாஷனும்போலக் கலந்தன. பாய் தலையாட்டினார். பாய் ஆட்டியதால் நானும் ஆட்டினேன். பாய் இரண்டாவதை மாட்டினார். எவர்சில்வர் தட்டில் ஆணியால் கோடு போட்டதுபோல ஒரு சத்தம். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

மாமா மட்டும் நிறுத்தவில்லை. தாடையைக் கிட்டாரின் மரத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு வாசித்தார். அதற்கு முத்தம் கொடுக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

"இன்னா பாப்பா, எது?" என்றார். காதைக் கொடுக்காமல், என் வாயையே உற்றுப் பார்த்தார்.

"மொதல்லதுதான் மாமா. இது கீச்சுனு கத்துது."

"கத்துதா?" அவர் முகம் மலர்ந்தது. "எனக்கு இப்பதான் பாப்பா சரியா வருது. இதான் பாய்."

"வேணாம் தம்பி, இது ரொம்ப பேஜார் பண்ணும்" என்றார் பாய்.

"இதான்."

பாய் திரும்பி, சுவரைப் பார்த்தபடி சால்டரிங் கம்பியைச் சூடாக்கினார். அப்படியே சாதாரணக் குரலில் கேட்டார்: "எந்த மெஷின்ல வேல பாக்குற தம்பி?"

மாமா கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்று நான் பதில் சொன்னேன்: "ஷேவிங் மெஷின்."

பாய் தலையை மட்டும் திருப்பி மாமாவைப் பார்த்தார். வேலையை முடித்துவிட்டு என்னிடம் குனிந்து, புதுப் பிக்கப்பின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் காட்டினார். "மேடைல இத முழுசா திறக்க உடாத பாப்பா." ஏன் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஃபேன் ரெகுலேட்டரைத் தொடக்கூடாது என்பதற்கு ஒரே காரணம்தான் உண்டு. அதனால் எனக்கு உடனே விளங்கிவிட்டது: ஷாக் அடிக்கும்.

வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்தில் பிரியாணியை விட்டுவிட்டு மேடையோரமாக நின்றேன். மாமா இரண்டு குமிழையும் முழுசாகத் திறந்தார். "மாமா, வேணாம்!" என்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். ஆணி மறுபடி தட்டில் கோடு இழுத்தது. முன்வரிசைப் பெண்கள் முகம் சுளித்தார்கள், பையன்கள் ஊளையிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். குழுத் தலைவர் கையைக் காட்டிக் காட்டிப் பார்த்தார். மாமா கண்ணை மூடியிருந்தார்.

அப்போது தலைவர் ஒரு காரியம் செய்தார். பாடிக்கொண்டே பின்னால் நகர்ந்து, மாமாவின் ஸ்பீக்கர் பெட்டியை அணைத்தார். சிவப்பு விளக்கு போனது. கீபோர்டு அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார். அண்ணன் இடது கையைக் கீழே இறக்கினான். கனமான, உருண்டையான பேஸ் மண்டபத்தில் பரவியது.

மாமா கண்ணைத் திறக்கவில்லை. தாடையை மரத்தில் அழுத்தியபடி, தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு, கடைசிப் பாட்டு வரைக்கும் வாசித்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் உயிர் திரும்பி வந்தது. கரண்ட்டைத்தான் நிறுத்திவிட்டார்களே.

திரும்பி நடக்கும்போது மாமா நின்று, என் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "எப்டி இருந்துச்சி பாப்பா?"

"சூப்பர் மாமா. ஷாக்கே அடிக்கல."

என் உதடுகளை ஒருகணம் பார்த்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவரைக் கூப்பிட ஆள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஆனாலும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். பிறகு கிட்டார் பீரோ மேலே போனது.

குழுத் தலைவரைக் கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் நான் இரண்டு கையையும் கூப்பி வணக்கம் வைப்பேன். மாமாவின் உயிரைக் காப்பாற்றியவர் அல்லவா? ஒவ்வொரு தடவையும் அவர் ஏன் தலையைக் குனிந்துகொண்டு சாலையின் அந்தப் பக்கம் போனார் என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.