அண்ணனின் முடி மீண்டும் வளர்ந்தது

தலை துவட்டிய வெள்ளைத் தோர்த்துத் துண்டை அண்ணன் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தான். துணியெங்கும் முடி ஒட்டியிருந்தது. "பாத்தியாடே? தெனமும் இதே கததான்" என்றான். அப்பாவுக்கும் எனக்கும் முப்பதைத் தாண்டும் முன்பே நெற்றி ஏறிவிட்டது. அண்ணனுக்கு மட்டும் நாற்பதிலும் தலை நிறைய முடி. தம்பானூரில் பஸ் டிக்கெட் பதிவு செய்யும் அலுவலகம் ஒன்றில் அவன் வேலை பார்த்தான். கவுண்டரில் உட்காருமுன் கைபேசித் திரையில் முகம் பார்த்துத் தலை கோதிக்கொள்வான். என் வழுக்கையைத் தடவி, "ஏர்போர்ட் ரெடி, பிளேன் எப்பம் வரும்?" என்று சிரிப்பான். அன்று அவன் சிரிக்கவில்லை.

கூட வேலை பார்த்தவர் சொன்னாரென்று பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டான். சில மாதங்கள் ஆகியும் உதிர்வது நிற்கவில்லை. பிறகுதான் தோல் டாக்டரிடம் போனான். ரத்தம் பரிசோதித்துவிட்டுத் திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது. "அப்பாக்க வழுக்க இல்லையாம்டே. ரத்தத்துல இரும்பு கொறவு, அதான் தல முழுக்க உதிருது. சரியாயிரும்" என்றான். எங்கள் வீட்டில் மீனும் முட்டையும் கிடையாது. குறைவு அதனால்தான் என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

மதினி அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். ஆரியசாலைக் கடைகளில் ராகியும் எள்ளும் பேரீச்சம்பழமும் வாங்கி வந்தாள். முருங்கைக்கீரை இல்லாத நாள் அபூர்வம். சோற்றோடு நெல்லிக்காய் வைத்தாள். "சாயா குடிச்சா இரும்பு ஒடம்புல சேராதாம்" என்று, சாப்பிட்டதும் அவன் குடிக்கும் சாயாவை நிறுத்தினாள். டாக்டர் எழுதிய இரும்பு மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். மலம் கறுப்பாகப் போகிறது என்று அண்ணன் சொன்னபோது மருந்துக்கடையில் கேட்டுவிட்டு வந்தாள். அந்த மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்றார்களாம். அது பொய்யுமல்ல.

உதிர்வது நின்றது. நெற்றியோரம் குட்டிக் குட்டியாகப் புதுமுடி எழும்பியது. அண்ணன் தலை குனிந்து காட்ட, மதினி பின்னால் நின்று பூரித்துப்போனாள். இடுப்பில் பேன்ட் தொளதொளத்தது. சத்தான சாப்பாடு, தொப்பை குறைகிறது என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

ஒரு பகல் கவுண்டரிலேயே மயங்கிச் சரிந்தான். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பெருங்குடலில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டிருந்தது. உள்ளே நாள்பட ரத்தம் கசிந்திருக்கிறது. முடி உதிர்ந்தது அதனால்தான். ஆண்களுக்கு இரும்பு குறைந்தால் சாப்பாட்டை மட்டும் காரணம் சொல்லிவிடக் கூடாது, ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும் என்றார் அங்கிருந்த மலையாளிப் பெண் டாக்டர். ரத்தத்தின் கறுப்பும் மாத்திரையின் கறுப்பாகவே எங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்பம் நான் குடுத்த மாத்திரையாலயா டாக்டர்?" என்று மதினி கேட்டாள்.

"அல்ல சேச்சி. உங்க மேல ஒரு தெற்றும் இல்ல" என்று டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

கட்டிலில் கிடந்த அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மதினியிடம் பேசினான். "எட்டி, தப்பு எனக்க மேலயாக்கும். வயித்தையும் பாக்கணும்னு தோல் டாக்டர் அப்பமே சொன்னாரு. பயந்துட்டேன். ஒன்கிட்ட மறச்சிட்டேன்."

மதினி அவன் பக்கம் திரும்பினாள். "சொல்லியிருந்தா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே..." என்றாள்.

கீமோ கொடுக்க உடம்பு தாங்காது என்றுவிட்டார்கள். அந்த வருட மழைக்காலத்தை அண்ணன் தாண்டவில்லை. உடம்பு வற்றிக் கன்னம் ஒட்டிப்போனது. தலையில் மட்டும் முடி பழையபடி அடர்ந்திருந்தது. எடுத்துப் போகுமுன் மதினி அவனுக்கு வகிடெடுத்துச் சீவிவிட்டாள். சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். அவள் அழவில்லை, வகிடு கோணாமல் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மதினி வீட்டுக்குப் போய்வருகிறேன். அவள் முருங்கைக்கீரை வாங்குவதேயில்லை. டாக்டர் சொன்னதையும் அண்ணன் சொன்னதையும் நான் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லிவிட்டேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, ஒவ்வொரு வாரமும் அதையே கேட்பாள்.

"அவங்களுக்கு முடி நல்லா வளந்துதுல்லா தம்பி?"

"வளந்துது மதினி. நல்லா அடர்த்தியா வளந்துது."