இருநூற்று ஒன்றாவது சிகரெட்

என் சித்தி முப்பத்தோரு வருடம் தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். ஐந்து கிராம் கூடினால் அடுத்த கட்டணம். அதில் அவளிடம் யாருடைய சிரிப்பும் செல்லாது. அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் தராசு. ஓய்வு பெற்ற அன்று வாழ்த்திப் பேச எழுந்த போஸ்ட் மாஸ்டரே வாய் தவறி, “நம்ம தராசு” என்றுதான் ஆரம்பித்தார்.

அவளுக்குப் பொய் சொல்ல வராது. நல்ல குணம் என்று புகழவில்லை, வராது, அவ்வளவுதான். பல்வலி என்று லீவு போட நினைத்தால், எந்தப் பல் என்று யோசித்தே விடிந்துவிடும். கடைசியில் வேலைக்கே கிளம்பிப் போய்விடுவாள்.

சித்தப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. சிகரெட்தான் காரணம். மூன்று முறை வறட்டு இருமல், பிறகு ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் கை தானாக மார்புக்குப் போகும். இரண்டு வருடம் அதைத் தொண்டைக் கமறல் என்று சொல்லியே இருவரும் காலத்தை ஓட்டினார்கள். டாக்டரிடம் போனபோது டாக்டருக்குச் செய்ய அதிகம் இருக்கவில்லை.

சித்தியின் ஒரே மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். பேரன் பிறந்ததிலிருந்து சித்தி வருடத்தில் இரண்டு மாதம் அங்கே போய் இருந்துவிட்டு வருவாள். மாப்பிள்ளையின் அப்பா, அதாவது சம்பந்தி, எங்கள் ஊரிலேயே இருக்கிறார். நெடுந்தூர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் குரல் மட்டும் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் பேசினாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கும். சித்தி கிளம்பும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: “சம்பந்தியம்மா, வரும்போது நம்ம ஐட்டத்த மறந்துடாதீங்க.”

ஐட்டம் என்றால் விமான நிலையக் கடையில் வரி இல்லாமல் கிடைக்கும் ஒரு கார்ட்டன். பத்து பாக்கெட், இருநூறு சிகரெட். ஓர் ஆள் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய அளவும் அதுதான். புகைக்காத பெண்மணியின் இருநூறு வீணாகப் போகக்கூடாது என்பது சம்பந்தியின் கட்சி.

முதல் இரண்டு வருடம் சித்தி ஒழுங்காக வாங்கி வந்து கொடுத்தாள். மூன்றாவது வருடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று அவர் வீட்டுக்குப் போனபோது அவர் இருமினார். மூன்று முறை. நிறுத்தம். கை மார்புக்குப் போயிற்று. கிளம்ப எழுந்த சித்தி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா சம்பந்தி?”

“இதுக்கெல்லாம் டாக்டரா? ஏசி காத்து ஒத்துக்கல.”

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று சொந்தத் தங்கையோடு எட்டு மாதம் பேசாமல் இருந்தவர் அவர். அவருக்குக் கோபம் வந்தால் அது தன் மகளின் தலையில் விடியும் என்று சித்தி பயந்தாள். வாங்கிக் கொடுக்கவும் கை வரவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அந்த வருடம் அவளைக் காப்பாற்றியது மாப்பிள்ளையின் அசட்டுத்தனம். பிரித்த பாக்கெட் கணக்கில் வராது என்பது அந்த வீட்டில் பரம்பரை நம்பிக்கை. சித்தி ஊருக்குக் கிளம்பும்போது, அப்பாவுக்கு இருக்கட்டும் என்று தான் பாதி பிடித்த பாக்கெட்டையும் அவள் கைப்பையில் செருகிவிட்டார். இங்கே வந்து இறங்கியதும் சுங்க அதிகாரி, பெரிய மீசை வைத்தவர், அவள் பையைத் திறக்கச் சொன்னார். வழியில் வாங்கிய கார்ட்டனையும் அந்தப் பாக்கெட்டையும் சேர்த்து எண்ணினார்.

“இருநூத்திப் பதினாலு.”

விதியை அவர் சொன்னார். இருநூறுக்குள் இருந்தால் வரி கிடையாது. ஒன்று கூடினாலும், கூடியதற்கு மட்டுமல்ல, மொத்தத்துக்கும் வரி. கட்ட விருப்பமில்லை என்றால் எல்லாவற்றையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டு, ரசீது வாங்கிக்கொண்டு போகலாம். பார்சல் கவுண்டரில் முப்பத்தோரு வருடம் தானே சொல்லிவந்த நியாயம்தான். சித்தி கையெழுத்துப் போட்டாள்.

வெளியே சம்பந்தி காரோடு காத்திருந்தார். ரசீதை இரண்டு முறை படித்தார். சித்தியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “எங்க சம்பந்தியம்மாவ அவமானப்படுத்திட்டானுங்க” என்று அந்த வாரமே சுங்க அலுவலகத்துக்கு நான்கு பக்கத்தில் புகார் எழுதினார். பிழை திருத்திக் கொடுத்தது நான். மூன்றாம் பக்கம் முழுக்கச் சித்தியின் நேர்மையைப் பற்றியது.

அடுத்த வருடம் சித்தி ஊருக்குத் திரும்பும் நாளில் மாப்பிள்ளையின் பாக்கெட்டிலிருந்து ஒரே ஒரு சிகரெட்டை எடுத்து, காகிதக் கைக்குட்டையில் சுற்றி, மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டாள். இங்கே இறங்கியதும் யாரும் கூப்பிடாமலேயே, கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கான சிவப்புப் பலகை இருந்த மேஜைக்குப் போனாள். கார்ட்டனை வைத்தாள், கண்ணாடிக் கூட்டையும் திறந்து வைத்தாள். மீசைக்காரர் சிகரெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் படிவத்தை எடுத்தார். அதற்கு அடுத்த வருடமும் இதே கதை. “இந்தத் தடவையும் ஒண்ணுதானா?” என்று மட்டும் கேட்டாராம்.

சம்பந்தியிடம் ரசீது மூன்றாயிற்று, புகாரும் மூன்றாயிற்று. அங்கே, பாக்கெட்டில் ஒன்று குறைவதைக் கண்ட மாப்பிள்ளை, “உங்கம்மா யாருக்கும் தெரியாம தம் அடிக்கறாங்கன்னு நெனைக்கறேன்” என்று மனைவியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சித்தி இதையெல்லாம் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். இடையில் சம்பந்தி தெருமுனைக் கடையில் வாங்கிப் புகைத்துக்கொண்டுதான் இருந்தார். அது அவளுக்கும் தெரியும். “என் கையால குடுக்கல” என்றாள்.  

இந்த வருடம் மதிய விமானத்தில் வந்தாள். சம்பந்தியோடு நானும் வரவேற்கப் போயிருந்தேன். உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். சிவப்பு மேஜையில் மீசைக்காரர் இல்லை; மாற்றலாகிப் போய்விட்டார். ஒரு புதுப் பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். வம்பே அதுதான்.

“ஒரே ஒண்ணுதான்மா கூட இருக்கு. இதுக்குப் போயி யாராவது ஃபார்ம் போடுவாங்களா?” என்றாள் அதிகாரி.

“போடணும். மொத்தத்தையும் எடுத்துக்கணும். அதான் ரூல்.”

“வயசான காலத்துல உங்களுக்கு ஏம்மா இந்தக் கஷ்டம்” என்று அந்தப் பெண் கண்ணாடிக் கூட்டில் இருந்ததை எடுத்து இரண்டாக ஒடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். “இப்ப சரியா இருநூறு. போயிட்டு வாங்க.”

வாழ்நாளில் முதல் முறையாக யாரோ சித்திக்குச் சலுகை காட்டினார்கள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் வெளியே வந்தபோது கையில் ஒளிபுகும் பை, பைக்குள் கார்ட்டன். சம்பந்தி தூரத்திலேயே பார்த்துவிட்டார். சட்டைப்பையில் தயாராக இருந்த, போன வருடப் புகாரின் நகலைத் தட்டிக் காட்டினார்.

“பாத்தீங்களா, எழுதி எழுதிப் போட்டதுல பயந்துட்டானுங்க” என்று கையை நீட்டினார். சிரிப்பு இருமலாக மாறியது. மூன்று முறை. நிறுத்தம்.

சித்தி பையைக் கொடுக்கவில்லை.

“தரமாட்டேன் சம்பந்தி.”

அவருக்குப் புரியவில்லை. கை நீண்டபடியே இருந்தது.

“இந்த இருமல் எனக்குத் தெரியும். எங்க வீட்ல ரெண்டு வருஷம் கேட்டிருக்கேன். போன ரெண்டு தடவையும் அவங்க புடுங்கல. நானே ஒண்ணு கூடுதலா வச்சு, நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன்.”

தள்ளுவண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. சம்பந்தியின் குரல் அன்றுதான் பஸ்ஸை விட்டு இறங்கியது. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“அப்ப அந்த ரசீதெல்லாம்?”

“ரசீது நெஜம்தான்.”

“எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே.”

“கோவத்த எம் பொண்ணுகிட்ட காட்டுவீங்கன்னு பயந்தேன்.”

“நான் அப்படிப்பட்ட ஆளா?”

வேறு யாராக இருந்தாலும் ‘சேச்சே’ என்றிருப்பார்கள். சித்தி நிஜமாகவே யோசித்தாள்.

“தெரியல. இப்பவும் பயமாத்தான் இருக்கு.”

அவர் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தார். புகார் நகலை எடுத்து நான்காக மடித்து மறுபடி சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். மூன்று சிக்னல் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. எட்டு மாதத்தில் முதல் கால் மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன்.

நான்காவது சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“உங்க வீட்டுக்காரர மொதல்ல எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?”

“மொதல்ல காட்டினதே லேட்டு, சம்பந்தி.”

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் வண்டியை எடுக்கவில்லை.

“தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு” என்றார்.

“காலைல பத்து மணிக்கு வர்றேன். சாப்பிடாம இருங்க, ரத்தம் எடுப்பாங்க.”

அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். கார்ட்டன் சித்தியின் மடியில் இருந்தது. வீடு வரும்வரை அதை யாரும் கேட்கவில்லை.