ஸ்டியரிங்கில் நடுங்கிய கை

கோம்பையில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒரே பெண் பவானிதான். ஒன்பது வருடமாக ஓட்டுகிறாள். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

சித்திரையில் அவள் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் தட்டுப்பட்டது. அம்மாவுக்கும் இப்படித்தான் வந்து அறுத்தார்கள். அதன்பிறகு அம்மாவின் குரல் திரும்பவே இல்லை. அந்தப் பயத்தில் டாக்டரிடம் போகாமல் நாளைக் கடத்தினாள். பழனிசெட்டிபட்டியில் சத்து மாத்திரை விற்கும் சிநேகிதி ஞானசெல்வி ஒரு டப்பாவைக் கொடுத்தாள்.

"அயோடின் சேந்த அமினோ அமிலம்டி. தைராய்டுக்கு நல்லதாம். மருந்தில்ல, சத்துதான்."

சத்துதானே என்று பவானி ஒன்றுக்கு இரண்டாகப் போட்டாள். ஐந்தாவது வாரம் நெஞ்சு படபடத்தது, உடம்பு இளைத்தது. கட்டி முற்றிவிட்டதென்று பயந்து மூன்றாவதையும் சேர்த்துக்கொண்டாள். வீட்டில் மூச்சு விடவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, பதினான்கு பிள்ளைகளோடு உத்தமபாளையம் ரோட்டில் போகும்போது ஸ்டியரிங்கில் இருந்த கை வெடவெடவென்று நடுங்கத் தொடங்கியது. எதிரே செங்கல் லாரி. எப்படியோ வேனை ஓரங்கட்டிச் சாவியை உருவினாள்.

"ஏன்க்கா நின்னுட்டீக?" என்றாள் பின்னாலிருந்த ஓவியா.

பவானி கடந்து போன லாரியைத் திரும்பிப் பார்த்தாள். கை இன்னும் ஒரு சாண் திரும்பியிருந்தால்? கணவன் முத்துக்குமரனுக்குப் போன் போட்டாள்.

"என்னால ஓட்ட முடியலங்க. இங்கன வந்து பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க."

அன்றைக்கே தேனியில் டாக்டரம்மா முன்னால் டப்பாவை எடுத்து வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஏற்கெனவே கட்டி இருக்கிற கழுத்து. இவ்வளவு அயோடின் போனா சுரப்பி தறிகெட்டு ஓடும்மா. இன்னையோட நிறுத்துங்க."

படபடப்பு அடங்க மாத்திரை கொடுத்து, கட்டியிலிருந்து ஊசியால் நீர் எடுத்து, புற்றா என்று பார்க்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர நான்கு நாள். குரல் போய்விட்டால் என்ன செய்வது என்று பவானி வேன் பிள்ளைகளின் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகத் தன் குரலில் சொல்லிப் போனில் பதிந்து வைத்தாள்.

"புற்று இல்லையாம், அறுக்கவும் வேணாம்னு டாக்டரம்மா சொன்னாக," என்று முத்துக்குமரன் வந்து சொன்னபோது அவள் பிள்ளைகளின் பெயரையெல்லாம் மறுபடி ஒருதரம் வாய்விட்டுச் சொன்னாள். சங்கதி கேட்ட ஞானசெல்வி, மிச்சமிருந்த டப்பாக்களைக் கடையிலிருந்து எடுத்துவிட்டாள்.

மூன்று மாதம் வேறொருவர் வேன் ஓட்டினார். டாக்டரம்மா சரி என்ற பிறகும் பவானி மூன்று நாள் வெறும் வண்டியைப் பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிப் பார்த்தாள். நான்காம் நாள்தான் பிள்ளைகளை ஏற்றினாள், முத்துக்குமரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.