தாழ்த்தி ஊற்றிய கோப்பை

எலாடியா எங்கள் அஸ்தூரியாஸ் மலைச்சரிவில் பேருந்து ஓட்டுகிறாள். ஐம்பத்திரண்டு வயது. வருடத்துக்கு ஒரே ஒரு பீப்பாய் ஆப்பிள் மது போடுவாள். குளிர்காலம் முழுக்கப் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் படுத்துக் கிடக்க, அவள் கொட்டகையில் பீப்பாய் மெல்ல முணுமுணுக்கும். அதில் காதை வைத்துக் கண்மூடி நிற்பாள். பக்கத்து வீட்டுக்காரி நான் கூப்பிட்டாலும் காதில் விழாது. எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அந்த வருடப் பீப்பாய் அவளுடைய கல்யாணத்துக்கு. மாப்பிள்ளை பெலார்மினோ. புட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்புக்குக் கீழே பிடித்த கோப்பையில் ஊற்றுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. எங்கள் ஊரில் தாழ்த்தி ஊற்றுபவனைச் சிரித்தே கொன்றுவிடுவார்கள். பீப்பாய்க்கான ஆப்பிளும் அவன் தோட்டத்து மூட்டைகள்தான்.

மார்ச் மாதக் காலையொன்றில் பீப்பாயிலிருந்து ஒரு புட்டி பிடித்து, கையை உயர்த்தி ஊற்றினான். நுரை பொங்கியது.

"பிரமாதம்! கல்யாணத்துல ஒரு சொட்டு மிஞ்சாது பாரு."

"சத்தம் கேட்டுச்சா?" என்றாள் எலாடியா.

"என்ன சத்தம்?"

"கோப்பையில பட்டு உடையற சத்தம். வரவே இல்லையே. எண்ணெய் ஊத்தின மாதிரி இருக்கு."

புட்டியைப் பிடுங்கி, கோப்பை விளிம்பிலேயே வைத்துச் சாய்த்தாள். மது முட்டையின் வெள்ளைக்கரு போல நூலாய் இறங்கியது. நானும் எட்டிப் பார்த்தேன்.

"உசரத்துலேர்ந்து விழுந்தா நூல் அறுந்துடும், குடிக்கிறவனுக்குத் தெரியாது. இது உனக்குத் தெரியும்தானே?"

பெலார்மினோ தரையைப் பார்த்தான். "சேத்துல கிடந்த பழத்தையும் கழிக்காம மூட்டையில போட்டுட்டேன். மது இப்படி நூலா இறங்கறதைப் போன வாரமே பார்த்தேன் எலாடியா. நீ மனசு ஒடிஞ்சுடுவேன்னுதான்..."

"பீப்பாய் கெட்டா அடுத்த வருஷம் போட்டுக்கலாம்யா. நீ மறைச்சதைத்தான் என்னால முழுங்க முடியல. கல்யாணத்தை நான் யோசிக்கணும். கிளம்பு."

மறுநாள் காலையிலிருந்து அவன் தினமும் அவள் பேருந்தில் ஏறினான். ஏறும்போது ஒரு குறையைச் சொல்வான்.

"எனக்குக் குறட்டை வரும்."

"உள்ள போ."

"முன்பல்லு ரெண்டும் கட்டினது."

"அது ஊருக்கே தெரியும். உள்ள போ."

பயணிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பனிமூட்டத்துக்குள் அந்தப் பேருந்து கனவில் போவதுபோல் போய்க்கொண்டிருக்கும். ஏப்ரல் கடைசியில்தான் அவள் சொன்னாள்: "போதும்யா, மிச்சக் குறையைக் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கிறேன்."

மே மாதம், பூத்த ஆப்பிள் மரங்களுக்கடியில் கல்யாணம். மது என் வீட்டுப் பீப்பாய். முதல் கோப்பை மணப்பெண்ணுக்கு. "தூக்கு, இன்னும் தூக்கு!" என்று ஊரே கத்தியது. பெலார்மினோ புட்டியை அவள் கண்ணெதிரே கோப்பை விளிம்பில் வைத்து, நிதானமாகச் சாய்த்தான். கூட்டம் கேலியில் அதிர்ந்தது. அவன் காதுவரை சிவந்தான். கையை மட்டும் உயர்த்தவில்லை.

குடித்ததும் அடியில் கொஞ்சம் விட்டுத் தரையில் வீசுவது எங்கள் வழக்கம். எலாடியா கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.