அம்மாவின் பேரில் வந்த சாப்பாடு

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, அம்மாவின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலி இல்லாததால் அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடைக் கயிறு உராய்ந்து வந்திருக்கும் என்று சொல்லிவிட்டாள். கம்போங் ராஜாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து கிள்ளும் பெண்களுக்கு உடம்பில் எங்காவது ஓரிடம் உராய்ந்துகொண்டேதான் இருக்கும். ஒரு கட்டி மூன்றாகி, ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போன பிறகுதான், தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த டிரசர் அம்மாவைக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

லிம்போமா என்ற பெயரெல்லாம் நான் பெரியவளான பிறகு கேள்விப்பட்டது. அன்றைக்கு அம்மாவை வார்டில் சேர்த்துவிட்டு அப்பா தனியாகத் திரும்பி வந்தார். எங்கள் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

"போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார் அப்பா.

பக்கத்து வீட்டு அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள். அப்பா மிரண்டு போனார்.

"வியாதி போயிடும்னு சொன்னேன் லா! மருந்து ஏத்துனா வியாதி போயிடுமாம்!"

"அத மொதல்லயே ஒழுங்கா சொல்றதுக்கென்ன அண்ணே?" என்று அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவைத் திட்டினாள். எங்களுக்கு அவள் ரத்த உறவு கிடையாது. எங்கள் சுவரை ஒட்டி அடுப்பு வைத்திருந்தாள், அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டாள், ஆகவே எனக்கு அத்தை.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் நான் சாப்பிடவில்லை என்றே சொல்லலாம். எனக்கு அம்மா கையால் சமைத்ததைத் தவிர வேறெதுவும் இறங்காது. அடுத்த வீட்டுக் குழம்பின் வாசனைக்கே மூக்கைச் சுளிப்பேன். அத்தை கொண்டுவந்த சோற்றைத் திருப்பி அனுப்பினேன். அப்பா பொங்கிய சோறு பாதி வெந்தும் பாதி கருகியும் இருந்தது. பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்று ஓட்டினேன். திரும்பி வந்த அம்மா என் விலா எலும்புகளைத் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி. பக்கத்து ஊரான கோலா தெர்லாவிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லோரியை அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஓட்டினார். அந்தப் பெரியப்பா முன்சீட்டில் மெத்தை போட்டு அம்மாவை உட்காரவைத்து, பின்னால் முட்டைகோஸ்களோடு அப்பாவை ஏற்றிக்கொண்டு போவார். மறுநாள் திரும்பும்போது, அம்மாவுக்குக் குமட்டும் ஒவ்வொரு வளைவிலும் லோரியை நிறுத்துவார். அடிவாரத்துத் தபாவிலிருந்து மலையேறும் சாலையில் வளைவுகளுக்குப் பஞ்சமே இல்லை. வழக்கமாக நாலு மணிக்கு வந்து சேரும் லோரி, அம்மா இருந்தால் இருட்டும் நேரத்தில்தான் வரும். "இன்னைக்கு எஞ்சினு சூடாயிருச்சு" என்று ஒவ்வொரு முறையும் அதே பொய்யைச் சொல்வார்.

ஊசி போட்டுக்கொண்டு வந்தால் அம்மாவால் வாயைத் திறக்க முடியாது. லயத்து வீடுகளிலிருந்து முறைவைத்துச் சாப்பாடு வரும். கஞ்சி, ஆட்டுக்கால் சூப்பு, ரசம், நெத்திலிச் சம்பல். அம்மா மங்குக் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு என்னை அருகில் அழைத்தாள்.

"எனக்கு எறங்கல கண்ணு. அப்படியே திருப்பி அனுப்புனா அவங்க மனசு நோகும். நீ சாப்ட்டுடு. அம்மா சாப்ட்டாங்கன்னு சொல்லிடு. யாருக்கும் தெரியக் கூடாது, சரியா?"

அம்மாவுக்காக என்பதால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். முதல் நாள் தொண்டையில் நின்றது. நாலாம் நாள் நெத்திலிச் சம்பல் பிடித்துப்போனது. ஒரு மாதத்தில் எந்த வீட்டு ரசத்தில் மிளகு கூடுதல், எந்த வீட்டில் சூப்புக்கு இஞ்சியைக் கஞ்சத்தனம் இல்லாமல் தட்டிப்போடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

காலிக் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

"அம்மா சாப்ட்டாங்களா?" என்பாள் அத்தை.

"எல்லாம் சாப்ட்டாங்க அத்த."

"பரவாயில்ல, மருந்து வேல செய்யுது" என்பாள். என் கன்னத்தையும் ஒரு கிள்ளு கிள்ளுவாள். இவ்வளவு பேரை ஏமாற்றுகிறோமே என்று எனக்குக் கொஞ்சம் பயமாகவும் நிறையப் பெருமையாகவும் இருக்கும்.

மூன்றாவது ஊசிக்கு முன்னால் டிரசர் அம்மாவை எடை பார்த்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். "இப்படி எளைச்சுக்கிட்டே போனா அடுத்த ஊசி போட மாட்டாங்கம்மா. ஒடம்பு தாங்காது" என்றார். ஊசி இல்லையென்றால் வியாதி போகாது. அம்மா சாப்பிட வேண்டியதை எல்லாம் தின்று தீர்த்தவள் நான்.

பைப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தையிடம் ஓடினேன்.

"அத்த, அம்மா ஒண்ணுமே சாப்பிடல. எல்லாத்தையும் நான்தான் தின்னேன். அம்மா செத்துப்போனா நான்தான் காரணம்."

அத்தை சோப்புக் கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "ஒண்ணுமேவா?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

"சரி, அழாத. இன்னையிலேருந்து உங்கம்மா ஒரு வாய் சாப்ட்டாத்தான் நீ ஒரு வாய். அவங்க மாட்டேன்னா நீயும் வாயத் தொறக்காத. புரியுதா?"

அன்று மாலை கஞ்சியை நடுவில் வைத்துக்கொண்டு அம்மா எதிரில் உட்கார்ந்தேன். "எல்லாம் இரும்ப நக்குற மாதிரி இருக்குடி" என்று அம்மா கெஞ்சினாள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். கஞ்சி ஆறியது, ஆடை படிந்தது. கடைசியில் அம்மா ஒரு கரண்டி விழுங்கினாள். நானும் ஒன்று. மூன்றாவது கரண்டியை வெளியே போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து, மறுபடியும் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு எது இறங்கும் என்று வீடு வீடாகச் சமைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குளிர்ந்த கஞ்சியும் உப்பில் ஊறிய எலுமிச்சையும் மட்டும் இரும்பாக இல்லை என்று தெரிந்ததும், ஊறுகாய்ப் போத்தல்கள் எங்கள் அடுப்படியில் வந்து குவிந்தன. ஊசி நிற்கவில்லை. முடி கொட்டியது; கட்டிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் கழுத்தில் விரல் வைத்துத் தேடுவேன். ஒருநாள் தேடத் தேட ஒன்றும் அகப்படவில்லை. மறு வருடம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அம்மா மலைக்கு வேலைக்குப் போனாள்.

எனக்குப் பிள்ளை பிறந்து, நான் அம்மா வீட்டில் படுத்திருந்தபோதுதான் அத்தை அந்தக் கதையைச் சொன்னாள். முதல் ஊசி முடிந்து வந்த மறுநாளே அம்மா அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள்: "எனக்குக் கொஞ்சந்தான் எறங்கும். ஆனா எம்பேரச் சொல்லி எல்லாரையும் நெறைய சாப்பாடு அனுப்பச் சொல்லு. புள்ளைக்குன்னு சொன்னா அவ தின்ன மாட்டா. நான் இல்லாம போனாலும் எல்லார் வீட்டுச் சோறும் அவளுக்குப் பழகியிருக்கணும்."

சாப்பாடு எனக்காகத்தான் என்பது லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பது மட்டும், நான் பைப்படிக்கு ஓடிப் போகும்வரை, யாருக்கும் தெரியாது.

"பழங்கதைய எதுக்கு இப்பப் பேசுற?" என்று அடுப்படியிலிருந்து அம்மா அதட்டினாள்.

வியாதி போய்விடும் என்று அம்மா மனதார நம்பினாள். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை. அப்படி நம்பிக்கொண்டே, போகாவிட்டால் நான் உட்கார்ந்து சாப்பிட இத்தனை வீடுகளைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றுகிறவள் நான் என்று நினைத்துக்கொண்டு, வயிறு நிறையத் தின்றேன்.