ஆறு நிமிட வானம்

ஹேண்ட்பிரேக்கை இழுத்த கை, அப்படியே இருக்கைக்குக் கீழே போய்ப் பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துவிடும். கடைசிப் பயணி அப்போதுதான் படியில் நின்று குடையை விரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அதற்குள் டப்பா திறந்து, பாட்டில் மூடியில் தண்ணீர் நிறைந்து, ஸ்டீயரிங்கின் மேல் தாள் செருகிய அட்டை சாய்ந்து, காதில் செருகிய பென்சில் விரலுக்கு வந்திருக்கும். பத்து மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு வண்டி கடைசி நிறுத்தத்தை அடையும். பத்து நாற்பதுக்குத் திரும்ப எடுக்க வேண்டும். நடுவில் கிடைக்கிற பதினெட்டு நிமிடத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால், "இப்ப நான் இங்க இல்லீங்க" என்பார், தலையைத் திருப்பாமலே.

பேருந்து ஓட்டுநர். ஐம்பத்திரண்டு வயது. பணிமனையில் அவருக்கு 'சடன் பிரேக்' என்று பெயர். அது வண்டியை மட்டும் வைத்து வந்த பெயர் இல்லை. வாயும் அப்படித்தான் இருந்தது. யாராவது ஏறத் தயங்கினால் போதும், "ஏறினா ஏறு, இல்லைன்னா இறங்கு. படியில என்ன குடித்தனமா நடத்தறே?" என்று பாய்வார். வீட்டுக்குப் போனால் சாவிக்கொத்து மேசையில் விழுகிற சத்தத்தை வைத்தே, அன்று பேசலாமா கூடாதா என்று மனைவி முடிவு செய்துகொள்வாள்.

ஒருநாள் டாக்டர் ரத்த அழுத்தக் கருவியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடியும் கருவியைப் பார்த்தார். "மாத்திரை தர்றேன். ஆனா தினமும் உங்களுக்குன்னு கொஞ்ச நேரம் எடுத்து, மனசுக்குப் பிடிச்சதா ஏதாவது செய்யுங்க. இல்லைன்னா அடுத்த தடவை நீங்களா நடந்து வரமாட்டீங்க."

காலையில் நடந்து பார்த்தார். "பொழுதன்னைக்கும் ரோட்டுலதான் கிடக்கறேன், மறுபடியும் ரோட்டுல போய் நடன்னா எப்படி?" என்று நான்காம் நாள் விட்டுவிட்டார். கைப்பேசியில் மூச்சுப் பயிற்சி வைத்துக் கொடுத்தாள் மனைவி. உள்ளிருந்து ஒரு பெண் குரல் மூச்சை விடு, இழு என்று சொல்லச் சொல்ல, "விடறேம்மா, அவசரப்படுத்தாதே" என்று அதனோடும் சண்டைக்குப் போனார்.

பிறகுதான் வந்தது அந்த வண்ணப்பெட்டி. யாரோ பின் இருக்கையில் மறந்து வைத்துவிட்டுப் போன, பன்னிரண்டு நிறம் கொண்ட, கைக்கடக்கமான பெட்டி. விதிப்படி அதைப் பணிமனையில் ஒப்படைத்தார். மூன்று மாதம் வரை உரியவர் வராவிட்டால் எடுத்துக் கொடுத்தவருக்கே பொருள் சொந்தம். வாராவாரம் போய் "யாராச்சும் வந்தாங்களா?" என்று விசாரித்தார். முதல் மாதம், பாவம் யார் தேடுகிறார்களோ என்று கேட்டார். மூன்றாவது மாதம் அதே கேள்வியைக் கேட்கும்போது, எங்கே வந்து தொலைத்துவிட்டார்களோ என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் பெட்டி கைக்கு வந்தபோது கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மூடியைத் திறந்துவிட்டார்.

முதல் படம், கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான தண்ணீர்த் தொட்டி. பார்த்தவள் அவருடைய வண்டியின் நடத்துநர். இவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் மரியாதை அந்த ஒரு வார்த்தையோடு சரி.

"அண்ணே, இது யாரு? உங்க மாமனாரா?"

"தண்ணித் தொட்டி."

"அப்படியா. நின்ன நிலையைப் பார்த்து ஏமாந்துட்டேன்."

அடுத்த பத்துப் படத்திலும் வேறொரு கோளாறு. மருந்துக்கடை இடப்பக்கம் இருக்க வேண்டியது வலப்பக்கம் போயிருந்தது. மஞ்சள் சுவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவியிருந்தது. இடது வலது தெரியாத ஆளிடம் ஐம்பது உயிரை ஒப்படைத்திருக்கிறார்களே என்று பணிமனை முழுக்கச் சிரித்தார்கள். அவருக்கே முதலில் விளங்கவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம், பின்னால் இருப்பதைப் பார்க்க ஒருநாளும் அவர் கழுத்தைத் திருப்பியதில்லை. பக்கக் கண்ணாடியில் தெரிந்ததைத் தெரிந்தபடியே வரைந்து வைத்திருந்தார். "கண்ணாடிக்கு முன்னால காட்டிப் பாருங்க, சரியா இருக்கும்" என்று வாதாடினார். காட்டிப் பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது.

மனைவி ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். தாள் என்று ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் அதற்குத் தேதி போட்டு, ஓரத்தில் இரண்டு ஓட்டை குத்தி, கோப்பில் சேர்த்துவிடுவாள். கணவன் முதல் வாரம் வரைந்ததையெல்லாம் அப்படியே செய்தாள். வானத்தில் இரண்டு ஓட்டை. மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஓட்டை போடாம எப்படிங்க ஃபைல் பண்றது?"

அன்றிலிருந்து இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு வரையத் தொடங்கினார்.

அவர் தனக்கு வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்று. நல்லதோ கெட்டதோ, நாளுக்கு ஒரு படம். விடுமுறை நாளில் குளியலறைக் குழாயை வரைந்தார், மனைவி துணி மடிக்கும் முதுகை வரைந்தார். "நல்லா வரணும்னு உட்கார்ந்தா வரலை. வந்தா வரட்டும்னு உட்கார்ந்தா வருது" என்பார். டாக்டரின் கருவியில் அளவு இறங்கி வந்தது. சாவி மேசையில் விழாமல் ஆணியில் தொங்கத் தொடங்கியது. படியில் தயங்குகிறவர்களுக்காகக் கதவு கொஞ்சம் காத்திருந்தது. பணிமனையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், இவருக்கு ஏன் 'சடன் பிரேக்' என்று பெயர் என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

நூற்று நாற்பத்து மூன்றாவது படத்துக்கு மறுநாள் அறிவிப்புப் பலகையில் புது நேர அட்டவணை ஒட்டியிருந்தார்கள். கடைசி நிறுத்தத்தில் இனி பதினெட்டு நிமிடம் கிடையாது. ஆறு.

நேராக நேரக்கண்காணிப்பாளரிடம் போனார்.

"பதினெட்டு இருந்தது சார்."

"இருந்துச்சு. வண்டி சும்மா நிக்குதுன்னு மேலேர்ந்து கேக்கறாங்க."

"வண்டிதான் சார் சும்மா நிக்குது. நான் சும்மா இல்லை."

கண்காணிப்பாளர் நல்லவர்தான். அட்டவணையைப் புரட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், "என் கையில இல்லை" என்றார்.

ஐந்து நாள் வண்ணப்பெட்டியோடு டப்பா இருக்கைக்குக் கீழேயே கிடந்தது. ஐந்தாம் நாள் காலில் கட்டும் கையில் ஊன்றுகோலுமாக ஒருவர் ஏற வந்தார். ஊன்றுகோலை முதலில் வைப்பதா, காலை முதலில் வைப்பதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓட்டுநர் வாயிலிருந்து அந்தப் பழைய பேச்சு அப்படியே வந்து விழுந்தது. ஏறினா ஏறு, இல்லைன்னா இறங்கு, குடித்தனம், எல்லாம். அந்த மனிதர் காலைப் பின்னுக்கு எடுத்து, "நான் அடுத்த வண்டியில வர்றேன்" என்றார். நடத்துநர் அன்று முழுக்க இவரோடு விசிலில் மட்டும்தான் பேசினாள். அவருக்கு அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, இத்தனை மாதம் எங்கேயும் போகாமல் அந்தப் பழைய ஆள் தனக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறான் என்று.

வீட்டில் சாவி மேசையில் விழுந்தது. மனைவி சத்தத்தைக் கேட்டாள், கோப்பைத் திறந்து காட்டினாள். "அஞ்சு நாளா ஒண்ணும் வரலை."

"ஆறு நிமிஷத்துல என்னத்தைக் கிழிக்கிறது?"

"பதினெட்டு நிமிஷத்துல மட்டும்? பாதி நேரம் பென்சில் சீவுவீங்களாம், மீதி நேரம் ரப்பரால அழிப்பீங்களாம். உங்க நடத்துநர் சொல்லிட்டா."

கோபம் வந்தது. ஆனால் அது பொய் இல்லை.

மறுநாள் பென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றதும் நேரடியாகத் தூரிகை. தொட்டிக்கு நாலே இழுப்பு, சுவருக்கு ஒரே பூச்சு, மருந்துக்கடைக்கு ஒரு கறுப்புக் கோடு. அழிக்க வழியில்லை என்று தெரிந்ததும் கை ஒரு தினுசாகத் துணிந்துவிட்டது. ஐந்தாவது நிமிடத்தில் மேலே தண்ணீரைத் தடவி நீலத்தை வைத்தார். விசில் வந்துவிட்டது. முன்பெல்லாம் காய்வதற்கென்றே ஏழு நிமிடம் விடுவார். இப்போது ஏது? சொட்டச் சொட்ட அட்டையைப் பக்கத்துத் தட்டில் வைத்து வண்டியைக் கிளப்பினார்.

நிறுத்தத்தை விட்டதும் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் ஒரு பெரிய திருப்பம். அடுத்த நிறுத்தத்தில் அட்டையைப் பார்த்தார். நீலம் மொத்தமும் இடப்பக்கமாகச் சரிந்து ஓடியிருந்தது.

"போச்சு" என்றார்.

நடத்துநர் எட்டிப் பார்த்தாள். வழக்கமான கிண்டல் வரவில்லை. "அண்ணே," என்றாள் மெதுவாக, "மழை வருது."

அவர் மறுபடி பார்த்தார். உண்மைதான். அதுவரை அவர் போட்ட வானமெல்லாம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி தட்டையாக இருந்தது. இது இருட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, இதோ கொட்டப்போகிறேன் என்று நின்றது. "நான் பண்ணலை. அந்தத் திருப்பம் பண்ணியிருக்கு" என்று நடத்துநரிடம் சொன்னார், பணிமனையில் சொன்னார், வழியில் சிக்னலில் பக்கத்தில் நின்ற லாரிக்காரரிடமும் சொன்னார். லாரிக்காரர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை. திருப்பத்தில் மெதுவாகப் போனால் மெல்லிய மேகம், கொஞ்சம் வேகம் கூடினால் காற்று, இரண்டாவது நிறுத்தத்துக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஓரத்தில் நுரை. காலையில் எழுந்ததும், "இன்னிக்கு என்ன வானம் வருதோ தெரியலையே" என்று மனைவியைப் படுத்தினார். அவள் ஓட்டை குத்துவதை நிறுத்திவிட்டு, கண்ணாடி மாதிரி உறை ஒரு கட்டு வாங்கி வந்து வைத்தாள். பிரேக்கை அழுத்தினால் நீலம் முன்பக்கம் பாய்ந்து தொட்டியைக் கெடுத்துவிடும் என்பதால், காலை இறகு மாதிரி வைத்து அழுத்தப் பழகினார். நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்கவே மறந்துபோனார்கள்.

சென்ற வாரம் ஒருநாள். நாலாவது நிமிடம் முடிந்திருந்தது, வானம் மட்டும் பாக்கி. தூரிகை தண்ணீரில் இருந்தது. கதவருகே ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டது. அதே மனிதர். ஏறாமல், ஓட்டுநர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓட்டுநர் தூரிகையை வைத்துவிட்டு எழுந்தார். கீழே இறங்கிப் போய், "அன்னிக்கு நான் பேசினது தப்புங்க" என்றார். "நிதானமா ஏறுங்க, வண்டி எங்கேயும் போகாது." ஊன்றுகோலைத் தான் வாங்கிக்கொண்டு தோளைக் கொடுத்தார். ஒரு படி, கொஞ்சம் மூச்சு, இன்னொரு படி. முன் இருக்கையில் உட்கார வைத்தபோது ஆறாவது நிமிடத்தில் கொஞ்சம்தான் மிச்சம். நின்றபடியே தாளின் மேல்பாதியில் தண்ணீரைத் தடவி, ஒரே ஒரு சொட்டு நீலத்தை நடுவில் விட்டார். விசில் வந்தது.

எப்போதும் அட்டையை வைக்கிற தட்டு பக்கத்தில் காலியாகத்தான் இருந்தது. அவர் அட்டையை அந்த மனிதரின் மடியில் வைத்து, அதன் ஒரு ஓரத்தை விரலால் இம்மியளவு உயர்த்திக் காட்டினார். "இப்படியே பிடிச்சுக்கங்க. திருப்பம் முடியற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு, போய் ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.